சைபர் என்றால் கணினியா?
சைபர் பாதுகாப்பு பற்றிய ஒரு கட்டுரை, 'சைபர்' என்றால் கணினி என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அவ்வளவு அவசரம் வேண்டாம். கப்பலில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் 'குபெர்னேட்டஸ்' என்ற கிரேக்கச் சொல்தான் வேர். அதிலிருந்தே அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1948இல் 'சைபர்நெட்டிக்ஸ்' என்று தம் துறைக்குப் பெயரிட்டார். அவர் ஆராய்ந்தது உயிரினங்களிலும் இயந்திரங்களிலும் கட்டுப்பாடு இயங்கும் விதத்தை. தகவல் திருடர்களை அல்ல! 1982இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் வில்லியம் கிப்சன் ஒரு சிறுகதையில், கணினி வலையமைப்புகளுக்குள் விரியும் கற்பனை வெளியை 'சைபர்ஸ்பேஸ்' என்று எழுதினார். 'சைபர்' என்ற முன்னொட்டு வலையமைப்புகளோடு ஒட்டிக்கொண்டது அதன் பிறகுதான். 1988இல் 'மோரிஸ் புழு' என்ற, தானாகவே பரவும் நிரல் இணையத்தைத் திணறடித்தபோதுகூடப் பரவலாக வழங்கியது 'சைபர் பாதுகாப்பு' அல்ல, 'கணினிப் பாதுகாப்பு' என்ற பெயரே.

பூச்சியத்துக்கு நாம் சொல்லும் 'சைபர்' வேறு குடும்பம். அது 'சிஃப்ர்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. ஒலி ஒன்றாகிப்போனது தற்செயல்.