"உன் வயசுல நான்..."

வீட்டில் பேச்சு எங்கே தொடங்கினாலும் இதில்தான் வந்து நிற்கிறது: "உன் வயசுல நான் வேலைக்குப் போய் எட்டு வருஷம்!" அப்பா, நீங்கள் பத்தாவதும் டைப்ரைட்டிங்கும் முடித்து கிளார்க் ஆனீர்கள். இன்றும் தமிழக அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் பத்தாவதுதான் தகுதி. ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவர் எம்.இ. படித்தவர். வேலை தேடிச் சென்னைக்குப் போனால், கல்யாணமாகாதவனுக்கு வாடகைக்கு வீடு தர மாட்டார்களாம். பிறகு எங்கே தனியாக நிற்பது?

ஓட்டுப் போடும் வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்தது 1989-இல். ஆட்சியைத் தேர்ந்தெடுக்க 18 போதும். 26 வயதில் நான் ஒரு பைக் வாங்க வேண்டுமென்றால் மட்டும் பெரியப்பா, மாமா எல்லோரும் கூடிப் பேச வேண்டும். வாயைத் திறந்தால், "சின்னப் பையன், சும்மா இரு." காலையில் "கழுதை வயசாச்சு", சாயங்காலம் "சின்னப் பையன்". ஏதாவது ஒன்றை மட்டும் சொல்லுங்கள். இரண்டையும் கேட்டு மனசு விட்டுப்போகிறது.