திரும்பி வருகிறேன் என்று சொன்ன சமாரியன்

நல்ல சமாரியன் உவமையைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனக்குறை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு ஆசாரியன் விலகிப் போனான், லேவியன் விலகிப் போனான், சமாரியன் மனமிரங்கிக் காயத்தில் எண்ணெய் வார்த்தான். அதோடு ஆமென் சொல்லி இறங்கிவிடுகிறார்கள். லூக்கா பத்தாம் அதிகாரம் அங்கே முடியவில்லை. அடிபட்டவனைத் தன் வாகனத்தில் ஏற்றுகிறான், சத்திரத்தில் சேர்த்து அன்றிரவு கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறான். மறுநாள், ஒரு கூலியாளின் இரண்டு நாள் கூலியைச் சத்திரக்காரன் கையில் கொடுக்கிறான். மேலே எவ்வளவு செலவானாலும் நான் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

எனக்கு அந்த உவமையின் உயிரே இந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. பார்த்ததும் இளகுகிற மனசு நம் சபைகளில் நிறையவே உண்டு. மறுபடியும் போய் நிற்கிற பழக்கம்தான் இல்லை.

டிசம்பர் வந்தால் தொழுநோயாளர் காலனிக்கு வேன் கிளம்புகிறது. புடவை, வேட்டி, கேக், பிரியாணிப் பொட்டலம், நாலு கேரல் பாட்டு, ஃப்ளெக்ஸுக்கு முன்னால் ஒரு போட்டோ. இதைக் கேவலமாகப் பேச மாட்டேன். பசித்தவனுக்கு வந்த சோறு சோறுதான், கொண்டுபோகிறவர்கள் மனதிலும் அன்பு இருக்கிறது. ஆனால் ஜனவரியில் யார் போகிறோம்?

ஜனவரியில் அங்கே என்ன இருக்கும் என்று சொல்கிறேன். தொழுநோய் இன்று மருந்தில் குணமாகிவிடும். கூட்டு மருந்துச் சிகிச்சை 1980களிலேயே வந்துவிட்டது. கிருமி போய்விடும், ஆனால் ஏற்கெனவே செத்துப்போன நரம்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. உணர்ச்சி இல்லாத உள்ளங்காலில் முள் ஏறினாலும் தெரியாது, அதோடேயே நாள் முழுக்க நடப்பார்கள். அதனால் தினமும் காலைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தடித்த தோலைக் கல்லால் பதமாகத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். அப்புறம் விரலிடுக்கு, குதிகால் என்று ஒவ்வொரு இடமாகப் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணும் மங்கிப்போய், விரலும் மடங்கிப்போய், தனியாக இருக்கிற ஒரு பாட்டி இதை எப்படிச் செய்வார்? யாராவது அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தால்தான் உண்டு. பெரிய வியாழன் அன்று பாதம் கழுவுகிற ஆராதனை நடத்துகிற நமக்கு இது தெரியாத காரியமா?

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது டாக்டர் பால் பிராண்டை. கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்கு 1914-ல் பிறந்தவர். அப்பா 1929-ல் அந்த மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். அம்மா ஈவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகும் மலைக்கே திரும்பிப் போய், 1974-ல் இறக்கும்வரை ஜனங்களோடு இருந்தார். இங்கிலாந்தில் படித்த மகன் 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். முடங்கிய விரல்களுக்கு வேறு தசைநாரை மாற்றிக் கட்டி, கை விரிந்து மூடும்படி செய்தார்.

அதோடு நின்றிருந்தாலே பெரிய ஊழியம்தான். ஆனால் அறுவை சிகிச்சை முடிந்து போனவர்கள் திரும்பி வந்து முறையிட்டார்கள். கை சரியாகிவிட்டதால் பிச்சை குறைந்துவிட்டது, தொழுநோய் வந்தவன் என்பதால் வேலையும் தருவாரில்லை என்று. நீங்கள் குணமாக்கியதால் நான் பட்டினி என்று ஒரு மனிதன் வந்து நின்றால், நம்மில் எத்தனை பேருக்குக் கோபம் வராமல் இருக்கும்? பிராண்ட் மருத்துவத்துக்கு முன்பே தச்சுவேலை கற்றவர். மருத்துவமனை வளாகத்திலேயே ஒரு சிறு குடியிருப்பை அமைத்து, அவர்களுக்குத் தச்சுவேலையும் மரப் பொம்மை செய்யவும் கற்றுக்கொடுத்தார். அங்கே கூடவே இருந்ததால்தான் வேறொன்றும் தெரிய வந்தது. விரல்கள் தொழுநோயால் அழுகி விழுவதில்லை. சுத்தியல் பிடியின் சிராய், சூடான பாத்திரம், இப்படி உணராமல் படுகிற காயங்களால்தான் தேய்கின்றன. ராத்திரியில் விரல் காணாமல் போவது ஏன் என்று காவல் இருந்து பார்த்தபோது, தூங்குகிறவரின் கையை எலி கடிப்பது தெரிந்தது. ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள். வருஷத்துக்கு ஒருநாள் வேனில் போய் வருகிறவர்களுக்கு அந்த எலி கண்ணில் படுமா?

அதே மருத்துவமனையில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்.

இவ்வளவும் நம் பக்கத்தில் நடந்த வரலாறு. இருந்தும் ஒரு ஆலயத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நற்கருணை ஆராதனையில் ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் கொடுக்கும் நேரம். பீடத்திலிருந்து கைக்குக் கை இறங்கி வந்த சமாதானம், கடைசி பெஞ்சில் விரல் மடங்கிய ஒரு தாத்தாவுக்கு முந்தினவரோடு நின்றுபோனது. அவர் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். தாத்தா பழகிப்போனவர் போலக் கைகளைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். மருந்து முடித்து வருஷக்கணக்கான மனிதர். அவரிடமிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு குஷ்டரோகியைச் சுத்தமான பிறகு தொடவில்லை. முதலில் தொட்டார், பிறகுதான் அவன் சுத்தமானான். இதை வாசிக்கிற இடத்திலேயே இப்படி நடக்கிறது.

சட்டமும் லேசுப்பட்டதில்லை. 2001-ல் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தியபோது, தீராத தொழுநோயை ஒரு காரணமாகச் சேர்த்தார்கள். மருந்து வந்து ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து! 2019-ல்தான் அது நீக்கப்பட்டது. அந்தப் பதினெட்டு வருஷமும் அது நம் சபைகளில் பெரிய பேச்சாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. அதில் எனக்கு இன்றும் வருத்தம்.

சரி, இந்த வருடம் சபை நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டியில் நான் கேட்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன். புடவை வேட்டிக்கு ஒதுக்குகிற பணத்தில் பாதியை எம்.சி.ஆர். செருப்புக்கு ஒதுக்குங்கள். மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் வைத்து, உணர்ச்சியற்ற கால்களுக்கென்றே செய்கிற செருப்பு அது. கடையில் மொத்தமாக வாங்கி வீசிவிட்டு வர முடியாது. முதலில் போய் ஒவ்வொருவர் காலையும் அளவெடுக்க வேண்டும், செருப்பு வந்ததும் போட்டுப் பார்க்கப் போக வேண்டும், எங்கே உரசுகிறது என்று பார்க்க இன்னொரு தடவை, தேய்ந்ததும் மறுபடி ஒரு தடவை. அதற்காகவே இதைக் கேட்கிறேன். காலைப் பார்த்துக் கட்டுப்போடத் தெரிந்த நர்ஸுகள் நம் சபைகளிலேயே இருக்கிறார்கள், வாலிபர் சங்கத்துக்கு அவர்கள் சொல்லிக்கொடுக்கட்டும். உங்கள் ஊர் கமிட்டியிலும் பேசிப் பாருங்கள். எங்களோடு வர விருப்பமுள்ளவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், அளவெடுக்கப் போகிற தேதியை முடிவானதும் இங்கேயே போடுகிறேன்.