உண்மை கேட்கிறோம், அதைக் காட்டும் மானியைக் கேட்க மறந்துவிடுகிறோம்

அக்காவின் மகன் உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படிக்கிறான். சனிக்கிழமைகளில் ரியூஷன் முடிந்ததும் உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டு மதிலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேரே என் கணினியின் முன்னால் வந்து உட்காருவது அவனது வழக்கம். மூன்று சனிக்கிழமைகளாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய ரொக்கெட்டைக் கடந்த வாரம் ஏவினான். முதற்கட்டம் ஒழுங்காக எரிந்து கழன்றது. ஐந்தாறு விநாடி மிதக்கவிட்டு, இரண்டாம் கட்டத்தைப் பற்றவைக்க ஸ்பேஸ் பாரைத் தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் தட்டினான். ரொக்கெட் மெல்லத் தலைகுப்புறக் கவிழ்ந்து வங்காள விரிகுடாவை நோக்கி இறங்கத் தொடங்கியது. "மாமா, கேம் பழுதாப் போச்சு" என்றான்.

கேம் பழுதாகவில்லை. அவன் விளையாடியது, ரொக்கெட்டைக் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டான கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம்; ஆனால் அதன்மேல் ரியலிசம் ஓவர்ஹோல், ரியல் சோலார் சிஸ்டம் என்னும் மொட்டுகளை, அதாவது விளையாட்டை மாற்றுவதற்கு ரசிகர்கள் எழுதிய மேலதிக நிரல்களை, நான் ஏற்றி வைத்திருக்கிறேன். அவற்றால் பூமி தன் உண்மையான அளவில் இருக்கும், எஞ்சின்கள் உண்மையில் பறந்த எஞ்சின்களின் அளவுகளைக் கொண்டிருக்கும், அவற்றிற் பலவற்றை ஒரேயொரு முறைதான் பற்றவைக்க முடியும். முதற்கட்டம் கழன்று தள்ளுவிசை நின்ற கணத்தில் தாங்கிக்குள் இருக்கும் திரவம் அடியில் தங்கியிராமல் மிதக்கத் தொடங்குகிறது. அவ்வேளையில் எஞ்சினைப் பற்றவைத்தால் குழாய்க்குள் திரவத்துக்குப் பதிலாக வாயு புகுந்துவிடும். இருந்த ஒரு வாய்ப்பும் அத்தோடு முடிந்தது.

இதை நான் விளக்கியதைவிட, மதிலுக்கு அப்பால் வலை பொத்திக்கொண்டிருந்த திருக்கடலூர் அண்ணன் விளக்கியதுதான் அவனுக்குச் சட்டென்று பிடிபட்டது. "தம்பி, தாங்கியில எண்ணெய் குறைஞ்சிருக்கேக்க அலையில படகு ஆடினா குழாய் காத்தைத்தான் இழுக்கும். பிறகு மெசின் இருமி இருமி நிண்டிடும்" என்றார். வெளியிணைப்பு இயந்திரத்தோடு நாற்பது ஆண்டு கடலுக்குப் போன மனிதருக்கு விண்வெளிப் பொறியியலின் ஒரு அத்தியாயம் இப்படித் தெரிந்திருக்கிறது. சந்திரனுக்குப் போன சற்றேர்ண் ரொக்கெட்டின் மூன்றாம் கட்டத்திலும் இதற்காகவே சிறிய உதவி மோட்டார்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவை முதலில் எரிந்து, திரவத்தை அடியில் உட்காரவைத்த பின்னரே பெரிய எஞ்சின் பற்றியது. ரஷ்யரின் சோயுஸ் வேறு வழியை எடுத்தது: கீழ்க்கட்டம் இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போதே மேற்கட்டத்தைப் பற்றவைத்துவிடும். இரண்டு கட்டங்களுக்கும் இடையே சுவருக்குப் பதிலாகத் திறந்த கம்பிச் சட்டகம் இருப்பது அந்த நெருப்பு வெளியேறுவதற்காகவே.

இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அதற்குப் பிறகு நடந்த ஒரு சிறு விடயம். எஞ்சினின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு சிறிய சாளரம் திறக்கும். அதில் உந்துபொருளின் நிலை, ‘மிக உறுதியானது’ என்பதிலிருந்து படிப்படியாக ‘உறுதியற்றது’ வரை, ஒரு வரியில் எழுதப்பட்டிருக்கும். அந்த வரியைப் பார்த்த மருமகனின் முகம் மாறிவிட்டது. "இது முதலே இருந்ததா?" என்று கேட்டான். அடுத்த ஏவலில் இரண்டு சிறிய திண்ம மோட்டார்களைப் பக்கத்தில் பொருத்தி, அந்தச் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சொல் மாறும்வரை காத்திருந்து பற்றவைத்தான். எஞ்சின் பற்றியது. கேம் பழுது என்று சொன்னவன் கேம் அபாரம் என்று சொல்வதற்கு இடையே மாறியது அந்த ஒரு வரி மட்டுமே.

விண்வெளிப் பறப்பு விளையாட்டுகளைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்றுகொள்கிறோம். ஓர் அணி இன்னும் உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. மற்றைய அணி வேலைவிட்டு வந்த மனிதனுக்குப் பொழுதுபோக்கு வேண்டும் என்கிறது. இரு தரப்பும் தவறான இடத்தில் சண்டை பிடிக்கின்றன என்பது என் எண்ணம். உண்மையின் அளவு எவ்வளவு கூடினாலும் விளையாடுபவர் தாங்கிக்கொள்வார். அந்த உண்மை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டும் மானி அவர் கண்முன் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மானி இல்லாமல் சேர்க்கப்படும் எந்தப் புதிய வசதியும் தண்டனையாகவே உணரப்படும். பொறியியலாளர் எவரும் கண்ணை மூடிக்கொண்டு ரொக்கெட் ஏவுவதில்லை என்பதால், மானி இல்லாத உண்மையை உண்மை என்று சொல்வதுகூடச் சரியில்லை.

கேர்பல் விளையாட்டின் வரலாறே இதற்குச் சாட்சி. முதற் பொதுப் பதிப்பு 2011இல் வந்தது. ஒரு ரொக்கெட்டால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைச் சொல்லும் அடிப்படை எண், அதாவது அதனால் மொத்தமாக எவ்வளவு வேகமாற்றத்தை உண்டாக்க முடியும் என்பதைக் குறிக்கும் டெல்டா-வி, ஒவ்வொரு கட்டத்துக்கும் திரையிலேயே காட்டப்பட்டது 2018 டிசம்பரில் வந்த 1.6 பதிப்பில்தான். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளும் நாங்கள் அந்த எண்ணைத் தரும் சியோல்கோவ்ஸ்கி சமன்பாட்டைக் கொப்பியில் எழுதி மடக்கை போட்டுக்கொண்டிருந்தோம். பொறுமையில்லாதவர்கள் அதைக் கணித்துக் காட்டும் கேர்பல் எஞ்சினியர், மெக்ஜெப் ஆகிய மொட்டுகளை ஏற்றிக்கொண்டார்கள். எண்ணைக் காட்டினால் முயன்று தவறிக் கற்கும் சுவை போய்விடும் என்று அக்காலத்தில் வாதாடியவர்கள் இருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். கொப்பியில் கணக்குப் போடத் தெரிந்தவனுக்கு அந்தச் சுவை இருந்தது உண்மை. தெரியாதவர்கள் விளையாட்டை விட்டுப் போய்விட்டார்கள் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

அந்த எண் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். விளையாட்டில் வரும் குட்டிப் பச்சை மனிதர்களான கேர்பல்களின் கோள் கேர்பின்; அதன் ஆரை 600 கிலோமீற்றர். பூமியின் ஆரை 6,371 கிலோமீற்றர். மேற்பரப்பு ஈர்ப்பு இரண்டிலும் ஒன்றே. கேர்பினிலிருந்து சுற்றுப்பாதைக்கு ஏற விநாடிக்கு ஏறத்தாழ 3,400 மீற்றர் டெல்டா-வி போதும். பூமியிலிருந்து ஏற, வளித்தடையும் ஈர்ப்பும் தின்னும் இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 9,400 வேண்டும். மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவின் வேகம் விநாடிக்கு 3,000 மீற்றர் என்று வைத்துக்கொண்டு சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால், 100 தொன் ரொக்கெட்டில் கேர்பினில் 32 தொன் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரும், பூமியில் நாலரைத் தொன்கூடத் தேறாது. அந்த நாலரைக்குள்தான் வெறுந்தாங்கி, எஞ்சின், செய்மதி எல்லாம் அடங்க வேண்டும். சிறிய கோளைத் தேர்ந்தெடுத்தது விளையாட்டை உருவாக்கியவர்களின் சாமர்த்தியம். அதை நான் குறையாகவே எண்ணியதில்லை. சமன்பாடு மாறவில்லை, அதில் இடும் எண்கள் மட்டுமே இரக்கப்பட்டிருக்கின்றன.

சமன்பாடே பொய்யாக இருந்த இடம் வேறு. 2015இல் வந்த 1.0 பதிப்புக்கு முன்னர் அங்கிருந்த வளிமண்டலத்தை விளையாடுபவர்கள் சூப் என்றே கேலி செய்தார்கள். வளித்தடை பொருளின் வடிவத்தைப் பார்க்காமல் திணிவைப் பார்த்துக் கணிக்கப்பட்டதால், ரொக்கெட்டின் தலையில் கூர்மையான மூக்கை வைத்தால் தடை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. பள்ளிப் பிள்ளைக்குத் தவறான பௌதிகவியலைப் புகட்டும் இத்தகைய பிழையை வேடிக்கை என்று கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை.

ஓர்பிட்டரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனச்சாட்சி குத்தும். மார்ட்டின் ஷ்வைகர் என்பவர் 2000இலிருந்து இலவசமாகவே வழங்கிவரும் விண்வெளிப் பறப்புப் பாவனையாக்கி அது. 2021இல் அதன் மூல நிரலையும் திறந்துவிட்டார். 2010 பதிப்பை நான் இங்கே ஒரு இணையக் கபேயில் இரண்டு நாட்களாகத் தரவிறக்கினேன். கட்டுவதற்கு அதில் ஒன்றுமில்லை, வெடிப்பு வேடிக்கையும் கிடையாது, கேர்பல்களின் முட்டைக்கண் சிரிப்பும் இல்லை. விமானியின் முன்னால் பச்சை எழுத்துக்களோடு இரண்டு சிறிய திரைகள் இருக்கும். சுற்றுப்பாதையின் மிகக் குறைந்த உயரம், மிகக் கூடிய உயரம், இலக்கின் சுற்றுப்பாதைத் தளத்துக்கும் நம்முடையதற்கும் இடையிலான கோணம், இணையும் வாயிலிலிருந்து எத்தனை மீற்றர் விலகியிருக்கிறோம் என்பன யாவும் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தோடு முதன்முறை இணைந்த இரவில் நான் யன்னலுக்கு வெளியே ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அந்த இரண்டு திரைகளும் பொய் சொல்லமாட்டா என்ற நம்பிக்கையே என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

கேர்பலின் இரண்டாம் பாகம் 2023 பெப்ரவரியில் முன்னோட்ட விற்பனைக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 50 அமெரிக்க டொலர், அன்றைய மாற்று விகிதத்தில் பதினேழாயிரம் ரூபாய்க்கும் மேல். மேகங்களும் ஒலியும் அழகாகத்தான் இருந்தன. ஆனால் கலம் வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது உண்டாகும் மீள்நுழைவு வெப்பம் டிசம்பரில்தான் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு வளர்ச்சிப் பணியே நின்றுபோனது. நான் வாங்கவில்லை, வருத்தமும் இல்லை.

புதிய வசதிகளில் சமிக்ஞைத் தாமதத்தைக் கேட்பவர்கள் அதிகம். செவ்வாய்க்குக் கட்டளை போய்ச்சேர 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம்வரை ஆகும் என்பதால் அந்தக் கோரிக்கை நியாயமானதே. 2016இல் கேர்பலில் சேர்க்கப்பட்ட தொடர்பு வலையமைப்பில் தாமதம் கிடையாது. சமிக்ஞை இருக்கிறதா, எவ்வளவு பலமாக இருக்கிறது என்பது மாத்திரமே கணக்கில் எடுக்கப்படும். அதற்கே மூன்று செய்மதிகளை உயரத்தில் நிறுத்தி வலை விரிக்க வேண்டும். (அந்த யோசனையை 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956இல் நம் திருகோணமலைச் சுவாமி மலையடியில் சுழியோடிக் கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைப் பார்த்தவர் என்பதை, முதற் செய்மதியை நிறுத்தும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன்.) தாமதத்தைச் சேர்ப்பதானால் கட்டளைகளை முன்கூட்டியே எழுதி அனுப்பும் கணினியையும் கலத்துக்குள் வைத்தாக வேண்டும். ரிமோட்டெக் மொட் அப்படித்தான் செய்தது. வெறும் தாமதத்தை மட்டும் கொடுத்தால், பொத்தானை அழுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.

எழுந்தமானமாகப் பாகங்கள் பழுதடையும் வசதியை நான் வெறுப்பதற்கும் காரணம் இதுவே. விண்கலம் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் பழுதாகிறது: வெப்பநிலை ஏறும், அமுக்கம் இறங்கும், ஏதோ ஒரு முள் இருக்கக்கூடாத இடத்தில் நிற்கும். 1970இல் அப்பலோ 13இன் இரண்டாம் ஒட்சிசன் தாங்கி வெடிப்பதற்குப் பல மணிநேரம் முன்பே அத்தாங்கியின் அளவுமானி பழுதாகித் தவறான எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. அப்படியொரு முள்ளைக் காட்டிவிட்டுப் பழுதாக்கினால் அது நாடகம். பகடை உருட்டி எஞ்சினை அணைப்பதில் என்ன இருக்கிறது?

பல பொருள்களின் ஈர்ப்பையும் ஒரே வேளையில் கணிக்கும் பிரின்சிப்பியா மொட்டைப் பற்றி ஒரு வரி போதும்: கடினமானதுதான், ஆனால் வருங்காலப் பாதையை முழுவதும் வரைந்து காட்டுவதால் அதற்கு என் ஆதரவு உண்டு.

நான் கேட்கும் வசதி எவரும் கேட்காதது. இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து, துருவங்களுக்கு மேலாகச் செல்லும் துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் நேரே தெற்கே பறப்பதில்லை. பறந்தால் இடையில் நம் தீவு இருக்கிறது. ஆகவே முதலில் தென்கிழக்கே கடலுக்கு மேலாகப் போய், பிறகு வளைந்து தெற்கே திரும்புகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகிறது, சுமக்கும் திணிவு குறைகிறது. தமிழ்நாட்டின் தென்கரையிலுள்ள குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். நம் விளையாட்டுகளில் இந்தக் கவலை யாருக்கும் இல்லை. கழன்ற கட்டம் குறிப்பிட்ட தூரத்தைத் தாண்டியதும் நினைவகத்திலிருந்து அழிக்கப்படுகிறது. அது எந்த ஊரின்மேல் விழுந்தது என்று கேட்பாரில்லை. எஞ்சின் இந்தக் கணத்தில் நின்றால் கலம் எங்கே விழும் என்ற புள்ளியை உண்மையான ஏவுதளங்களில் ஒருவர் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தப் புள்ளியையும் அது ஊர்களைத் தொடும் கணத்தில் ஒலிக்கும் எச்சரிக்கையையும் சேர்த்துத் தாருங்கள் என்பதே என் கோரிக்கை.

இதை மருமகனிடம் சொன்னபோது அவன் ஏவுதளத்தை ஸ்ரீஹரிகோட்டாவுக்கு மாற்றி, வீழ்புள்ளியைக் கணித்துக் காட்டும் மொட் ஒன்றை ஏற்றி, முதலில் நேரே தெற்கே ஏவினான். சிவப்புக் குறி யாழ்ப்பாணத்தைத் தாண்டி வன்னிக்கு மேலாக நகர்ந்தது. அவன் ஒன்றும் பேசாமல் ஏவலை ரத்துச் செய்தான். அடுத்த முறை தென்கிழக்கே போய், குறி திருகோணமலைக்குக் கிழக்கே ஆழ்கடலில் இறங்கும்வரை பொறுத்திருந்து திரும்பினான். சுற்றுப்பாதையை எட்டுவதற்குள் தாங்கி வற்றிவிட்டது. செய்மதியிலிருந்து இரண்டு கருவிகளைக் கழற்றிவிட்டு மூன்றாம் முறை ஏவியபோதுதான் மேலே போய்ச் சேர்ந்தான்.

"எங்கட தலைக்கு மேலால போகாமல் இருக்கிறதுக்கு இவ்வளவு செலவா மாமா?" என்று கேட்டுக்கொண்டே, கழற்றிய இரண்டையும் திரும்ப ஏற்றுவதற்கு முதற்கட்டத்தை எவ்வளவு நீட்ட வேண்டும் என்று கொப்பியில் கணக்குப் போடத் தொடங்கிவிட்டான்.