பஸ்ராவுக்குப் போனவர்களை யார் நினைத்திருந்தார்கள்?

முதல் உலகப் போருக்கு இங்கிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமான சிப்பாய்கள் கடல் தாண்டிப் போனார்கள். அதில் பெரும் பங்கு மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு. 1929இல் பஸ்ராவில், அந்தப் போர்முனையில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்கு அதில் பெயர் இருந்தது. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயரை மட்டும் பொறித்தார்கள். சாதாரணச் சிப்பாய்களுக்கு ரெஜிமெண்டின் கீழே வெறும் எண்ணிக்கை. இப்படிப்பட்ட பாகுபாட்டுக்காக, இந்தச் சின்னங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் மன்னிப்புக் கேட்டது 2021இல்தான்.

அதே பஸ்ரா பஞ்சாபிப் பெண்களின் நாட்டுப்பாட்டில் எப்படி வருகிறது தெரியுமா? அந்த பஸ்ராச் சண்டை முடிந்து தொலையட்டும், கைம்பெண் மாதிரி கிடக்கிற நான் மறுபடியும் சுமங்கலி ஆவேன் என்கிறாள் ஒருத்தி. இதில் ராஜா இல்லை, வெற்றி தோல்வி இல்லை. யாருக்காக நடந்த போர் என்பதுகூட அவளுக்குப் பொருட்டில்லை. போனவன் வரவேண்டும், அவ்வளவுதான். கல்வெட்டு எண்ணாக்கிய மனிதனுக்காக இங்கே ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆள் சேர்க்கவும் அப்போது பாட்டு இருந்தது. இங்கே கிழிந்த செருப்பு, அங்கே போனால் பூட்ஸ், வந்து சேர்ந்துகொள் என்று பாடினார்கள். அதையும் மறக்கக் கூடாது என்பேன். எந்த ஏழ்மை அவர்களைக் கப்பல் ஏற்றியது என்பதை அந்த ஒரு பாட்டே சொல்லிவிடுகிறது. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் போனவன் கதையும் இருந்தவள் கதையும் சேர்ந்து கிடைக்கும்.

எதிர்ப்பக்கமான துருக்கியிலும் இதே துக்கம்தான். 1915இல் கலிப்போலியில் நடந்த சனாக்கலே போரைப் பற்றிய துருக்கிய நாட்டுப்பாட்டில் செத்துக்கொண்டிருக்கும் சிப்பாயே பேசுகிறான்: உயிர் போவதற்கு முன்பே என்னைப் புதைத்துவிட்டார்கள் என்று. தளபதிகள் எழுதும் நினைவுக் குறிப்பில் இந்தக் குரலை நான் எதிர்பார்க்க மாட்டேன்.

நம் கதைப்பாடல்களும் அப்படித்தான். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801இல் கும்பெனிப் படை இடித்துத் தரைமட்டமாக்கியது. கட்டபொம்மு கதையை அப்படி இடிக்க முடிந்ததா? கட்டபொம்முவின் தளபதி வெள்ளையத்தேவன் சண்டைக்குக் கிளம்பும்போது கெட்ட கனவு கண்டு தடுக்கும் அவன் மனைவி வெள்ளையம்மாளை நமக்குத் தந்தது அந்தப் பாட்டு மரபுதான். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை போன்றவர்கள் இவற்றைத் தேடிப் பதிப்பித்ததால் இன்று அச்சிலும் படிக்கிறோம்.

பாட்டில் தேதி பிசகும், ஊர் மாறும், ஒருவன் செய்தது இன்னொருவன் தலையில் ஏறும் என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். சரிதான். எந்தத் தேதியில் எந்தப் படை நகர்ந்தது என்பதற்கு ஆவணத்தைப் பாருங்கள். ஆனால் சிப்பாயின் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் அரசு ஆவணத்தில் பெரும்பாலும் பதில் இருக்காது. அதற்குப் பாட்டுதான் சாட்சி. ஆய்வு நூல்களில் இந்தப் பாட்டுகளை அத்தியாயத் தொடக்கத்தில் அலங்காரமாகப் போட்டுவிட்டு நகர்வது எனக்குப் பிடிக்கவில்லை. அவற்றையும் ஆதாரமாக வைத்து வாதம் செய்யுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாராவது இப்படி ஒரு பாட்டை முணுமுணுத்தால், குறிப்பாகப் பெண்கள், தயவுசெய்து முழுதாகப் பதிவு செய்யுங்கள். தப்பாகத் தெரியும் பெயரையும் திருத்தாதீர்கள். யாரிடம் கற்றார், எந்த வேலை செய்யும்போது பாடுவார் என்பதையும் கேட்டு வையுங்கள்.