வீட்டு நீச்சல் குளத்தில் முதலில் வரைய வேண்டியது தடுப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கோவையின் புறநகரிலும் புதிதாக எழும் தனி வீடுகளில் நீச்சல் குளம் இப்போது வழக்கமாகி வருகிறது. வீடுகளை வடிவமைக்கும் தொழிலில் இருக்கும் என்னிடம் வருபவர்கள் கைப்பேசியில் காட்டும் படங்களில் மூன்று அம்சங்கள் தவறாமல் இருக்கின்றன: கரை தெரியாமல் நீர் வழியும் இன்ஃபினிட்டி விளிம்பு, கறுப்பு அல்லது அடர்சாம்பல் நிற டைல்ஸ், கூடத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்தால் இடையில் எந்தத் தடுப்பும் இல்லாமல் நேரே குளம்.

இன்ஃபினிட்டி விளிம்பு தனக்குரிய இடத்தில் அமைந்தால் மிக அழகானது. ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1990-களில் கட்டப்பட்ட இலங்கையின் கண்டலம ஹோட்டலில், குளத்து நீரும் கீழே விரியும் நீர்த்தேக்கமும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். மதில் சுவரைப் பார்த்திருக்கும் மனையில் அதே விளிம்பை வைத்தால், வழியும் நீரைப் பிடிக்க ஒரு தொட்டியும், அதைத் திருப்பி ஏற்ற பம்பும், கூடுதலாக ஆவியாகும் தண்ணீருமே மிஞ்சும். 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் ஆழமும் கொண்ட சிறிய குளமே சுமார் 38,000 லிட்டர் கொள்ளும். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 160 லிட்டர் போய்விடும். 2019 கோடையில் டேங்கர் லாரிக்காகக் குடங்களோடு வரிசையில் நின்ற சென்னையில், பயன்படுத்தாத நேரத்தில் குளத்தை மூடிவைக்க ஓர் உறை வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

உப்புநீர்க் குளத்தில் குளோரினே கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் வரை கரைத்த உப்பிலிருந்து மின்சாரத்தின் மூலம் குளோரின்தான் அங்கே உருவாக்கப்படுகிறது. அந்த நீரைத் தோட்டத்தில் வடியவிட்டால் மண் கெடும்.

நான் மனமார வரவேற்கும் மாற்றமும் உண்டு. ஒரு பக்கம் ஆளை மூழ்கடிக்கும் ஆழம் வைக்கும் பழக்கம் குறைந்து, ஒரே சீரான ஆழமும், கணுக்காலளவு நீரில் உட்கார அகலமான முதல் படியும் பரவலாகியிருக்கின்றன. கோயில் குளங்களில் படிப்படியாக இறங்கிப் பழகிய நமக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது.

ஆனால் கறுப்புத் தளத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வெளிர்நீலத் தளத்தின் மேல் ஒரு குழந்தை மூழ்கிக் கிடந்தால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். கறுப்புத் தளத்தில், அதுவும் வானம் நீரில் பிரதிபலிக்கும் மாலையில், அருகே சென்று குனிந்தாலும் தெரியாமல் போகலாம். உலக அளவில் நீரில் மூழ்கி இறப்போர் விகிதம் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடையே மிக அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையை அசைத்து உதவி கேட்பதுமில்லை.

இதனால்தான் பிரான்ஸ் 2003-இல் சட்டம் இயற்றி, வீட்டுக் குளங்களுக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியாவில் குளத்தைச் சுற்றிப் பொதுவாகக் குறைந்தது 1.2 மீட்டர் உயரத் தடுப்பு இருக்க வேண்டும். அதன் கதவு தானாகவே மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். அருகே குழந்தை ஏறி நிற்கக்கூடிய நாற்காலியோ பூந்தொட்டியோ இருக்கக் கூடாது.

சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தினர், காட்சி கெடும் என்று சொல்லித் தடுப்பை நீக்கச் சொன்னார்கள். அதுவரை பேசாமலிருந்த அந்த வீட்டுப் பாட்டி, “மத்தியானம் எல்லாரும் கண்ணசந்த நேரத்துல பேரன் தவழ்ந்து போனா யாருப்பா பார்ப்பாங்க?” என்று கேட்டார். கண்ணாடித் தடுப்பு வைப்பதென்று அன்றே முடிவானது. அந்தக் கேள்விக்குப் பிறகு, தடுப்பு இல்லாத குளத்தை நான் எவருக்கும் வரைந்து கொடுப்பதில்லை.