கருவைக் காட்டில் ஏழு நாள்

அக்கா மகள் சென்னையில் பி.காம். இரண்டாம் ஆண்டு. அடுத்த வாரம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஒரு கிராமத்துக்குப் போகிறாள். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வந்த நிகழ்ச்சி நிரலை எனக்கு அனுப்பி, "என்னென்ன எடுத்துட்டுப் போகணும் மாமா?" என்று கேட்டிருந்தாள். பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணி, மரக்கன்று நடுதல், கோயில் வளாகம் சுத்தம் செய்தல், கண் பரிசோதனை, கடைசி நாள் கோலப் போட்டி. ஏழு நாளும் காலை ஆறு மணியிலிருந்து நெருக்கியடித்து எழுதியிருக்கிறார்கள். ஊர்க்காரர் ஒருவரோடு சும்மா உட்கார்ந்து பேச அரை மணி நேரம்கூட அதில் இல்லை. முதல் வரியில் மட்டும் 'கிராமத்தின் பாரம்பரிய வாழ்க்கையை அறிதல்' என்று இருக்கிறது.

எனக்கு என் முகாம் ஞாபகம் வந்துவிட்டது.

2017 பிப்ரவரி. ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர் பக்கம் ஓர் ஊர். நாங்கள் ஐம்பது பேர் சென்னையிலிருந்து போய் இறங்கினோம். ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்துவிட்டு வந்த கூட்டம் அது. பாரம்பரியம், மண், நாட்டு மாடு என்று அந்த ஒரு மாதமாக வேறு பேச்சே இல்லை. கிராமம் என்றால் காளையும் களத்துமேடும் பச்சை வயலும் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. போய்ப் பார்த்தால் பச்சை என்று இருந்தது சீமைக் கருவேலம் ஒன்றுதான். 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்திருந்த வருடம். புரட்டாசியில் புழுதி விதைப்பாகத் தூவிய நெல் முழங்கால் உயரம்கூட வராமல் கருகி நின்றது. ஊர் ஏரியான கண்மாய் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது.

எங்களுக்குக் கொடுத்த வேலை அந்தக் கண்மாய்க்குள் சீமைக் கருவேலத்தை வெட்டுவது. அந்தச் சமயத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அவற்றை அகற்றச் சொல்லியிருந்ததால், நாட்டையே காப்பாற்றப் போகிற வேகத்தில் அரிவாளைத் தூக்கினோம். பாதிப் பேருக்கு அரிவாளை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாது. முழங்கால் உயரத்துக்கு அடிமரத்தை விட்டுவிட்டு மேலே வெட்டினோம். தூரோடு தோண்டாமல் விட்டால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் சர்வே. படிவத்தில் கழிப்பறை உண்டா, படித்தவர் எத்தனை பேர் என்று பதினைந்து கேள்விகள். மந்தையிலிருந்து நாலு தெரு முடித்து, கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் இருந்த வீடுகளை நோக்கி நடந்தோம். கூட வந்த ஊர்க்காரர், "அங்க வேணாம் தம்பி, இத்தோட போதும்" என்றார். திரும்பிவிட்டோம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நாலாம் நாள் என் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறியது. அந்த முள்ளில் மிதித்தவர்களுக்குத் தெரியும், உயிர் போகும். கரையோரம் நொண்டிக்கொண்டு வந்தவனை ஒரு பாட்டி பிடித்து உட்காரவைத்தார். தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கை எடுத்து முள்ளை நெம்பி எடுத்து, எருக்கம்பாலை ஒரு சொட்டு விட்டார். தண்ணீர் கேட்டேன். எழுந்தவர் நின்று, "எங்க வீட்டுத் தண்ணி குடிப்பியா தம்பி?" என்றார். நாங்கள் பாதியில் திரும்பிய தெருதான் அவருடையது.

அவர் வீட்டுக்குப் பின்னால் குவித்த மண்மேடு ஒன்று புகைந்துகொண்டிருந்தது. கரிமூட்டம். வெட்டிய கருவை விறகை நெருக்கி அடுக்கி, தழையும் வைக்கோலும் போட்டு, ஈரமண்ணைப் பூசி உள்ளே தீ வைப்பார்கள். காற்று அளவாகப் போக வேண்டும். எங்காவது மண் விரிசல் விட்டுத் தீ எழும்பினால் மொத்தமும் சாம்பல். அதனால் ராத்திரி முழுக்க ஆள் மாற்றி ஆள் காவல். வெள்ளைப் புகை அடங்கி நீலமாக வந்தால் வெந்துவிட்டது என்று கணக்கு. தூரைத் தோண்டி எடுத்துப் போடும் கரிக்கு நல்ல விலையாம். "வெள்ளாமை இல்லாத வருசம் இந்தக் கருவைதான்யா கஞ்சி ஊத்துது. நீங்க பாதியில வெட்டிப் போட்டுட்டுப் போறீக" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சீமைக் கருவேலத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கண்மாய்க்குள் அது நிற்கக் கூடாது. மடையை அடைக்கும், தண்ணீர் நிற்கிற இடத்தைத் தின்னும். ஆனால் தூரோடு தோண்டினால் கண்மாய்க்கும் நல்லது, கரி போடுகிறவருக்கும் காசு. ஊருக்குள்ளேயே அந்தக் கணக்கு இருந்தது. அதைத் தெரிந்தவர் இருந்த தெருவுக்கு நாங்கள் போகவில்லை. கடைசி நாள் ராத்திரி, வெட்டிய விறகையெல்லாம் குவித்து கேம்ப் ஃபயர் போட்டு ஆடினோம். எத்தனை மூட்டை கரி அது என்று இப்போதும் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு.

நாட்டு நலப்பணித் திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. காந்தி நூற்றாண்டான 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது அது. அதன் நோக்கங்களில் முதலாவதே, தாங்கள் வேலை செய்யும் சமூகத்தைப் புரிந்துகொள்வதுதான். சேவையெல்லாம் அதற்கு அப்புறம். நாங்கள் அந்த முதல் வரியைத் தாண்டிக் குதித்து நேராக அரிவாளுக்குப் போனோம். ஊருக்குப் பாடம் நடத்தப் போகிறோம் என்கிற நினைப்பு. பத்தொன்பது வயதில் நாங்கள் என்ன பாடம் நடத்தியிருக்க முடியும்?

என்னைக் கேட்டால் முதல் இரண்டு நாள் மாணவர்கள் கையில் கருவியே கொடுக்கக் கூடாது. நடக்கட்டும். மடை எங்கே, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கு எங்கே, தண்ணீர் எந்த வயலுக்கு முதலில் போகும், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார்கள், மழை பொய்த்தால் எதைச் செய்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்கட்டும். செய்ய வேண்டிய வேலை என்ன என்று மூன்றாம் நாள் ஊரே சொல்லும். ஒன்றும் வேண்டாம், சும்மா இருங்கள் என்றுகூடச் சொல்லலாம். அதுவும் சரிதான்.

அக்கா மகளுக்குப் பதில் அனுப்பினேன். தொப்பி, டார்ச், கட்டியான செருப்பு, நாலைந்து ஊக்கு. அப்புறம், பேரணி 'ஊர் முழுவதும்' என்று போட்டிருக்கிறார்களே, எந்தத் தெருவில் முடிகிறது என்று கேட்டுப் பார் என்றேன்.

ராத்திரி பதில் வந்தது. "கேட்டேன் மாமா. மாரியம்மன் கோயில் வரைக்கும்தானாம்."