என்.சி.சி.யில் (தேசிய மாணவர் படையில்) சேர்ந்தால் போருக்கு அனுப்புவார்களா?

"பள்ளியில் என்.சி.சி.யில் சேர்த்தால் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள், போர் வந்தால் பிள்ளையை எல்லைக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. கூடவே, "ஏ சான்றிதழ் இருந்தால் தேர்வே இல்லாமல் ராணுவ வேலை" என்று ஒரு வால். இரண்டுமே தவறு.

1948-ஆம் ஆண்டின் என்.சி.சி. சட்டமே, இதில் உறுப்பினராக இருப்பதால் மட்டும் யாருக்கும் போர்ப்பணிக் கடமை கிடையாது என்கிறது. பெற்றோரிடம் வாங்குவது சம்மதக் கையெழுத்து. ராணுவ ஒப்பந்தம் அல்ல. 1965, 1971 போர்களில் கேடட்டுகள் (என்.சி.சி. மாணவர்கள்) ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு உதவியது உண்மை. வதந்திக்கு விதை அதுவாக இருக்கலாம். ஆனால் அது உள்நாட்டில் செய்த உதவிப் பணிதான்.

பள்ளிப் பிரிவில் நடப்பது அணிவகுப்பு, வரைபடம் பார்த்தல், முதலுதவி, .22 ரைபிளில் குறிபார்த்துச் சுடும் பயிற்சி, முகாம். பரேடு முடிந்து கிடைக்கும் பரோட்டாவுக்காகவே சேரும் பிள்ளைகளும் உண்டு, அதில் தப்பில்லை!

சரி, வேலை விஷயம். பள்ளியில் இரண்டு ஆண்டுப் பயிற்சி, போதிய வருகை, முகாம் எல்லாம் முடித்துத் தேர்வு எழுதினால் கிடைப்பது ஏ சான்றிதழ். அதனால் சில ஆள்சேர்ப்புகளில் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும், அவ்வளவுதான். 'தேர்வு இல்லை' என்ற பேச்சு கல்லூரியில் வாங்கும் சி சான்றிதழைப் பற்றியது. குறைந்தது பி கிரேடோடு அதையும், 50 சதவீத மதிப்பெண்ணோடு பட்டத்தையும் வைத்திருப்பவர் ராணுவ அதிகாரிப் பணிக்கான சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பித்தால் எழுத்துத் தேர்வு கிடையாது. ஆனால் எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நடத்தும் நேர்முகமும் மருத்துவப் பரிசோதனையும் அப்படியே இருக்கின்றன. பலர் தேறாமல் திரும்புவதே அந்த நேர்முகத்தில்தான்.